இடப்பக்கக் கதவு

எழுபத்து மூணு. முன்கண்ணாடியின் வலது பாதியில் ஏல நம்பரைச் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறான், இடது பாதியில் எழுத இடமில்லை, அங்கே கண்ணாடி சிலந்திவலையாக விரிந்து கிடக்கிறது. அதைப் பார்க்காதே நாச்சிமுத்து, முதலில் பானெட்டைப் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி வரைக்கும்தான் வண்டிகளைப் பார்க்கலாம், அதற்கப்புறம் ஏலச்சீட்டில் தொகை எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று யார்டு பொறுப்பாளன் சகாயம் எல்லோருக்கும் ஒப்பிக்கிற மாதிரி எனக்கும் ஒப்பித்தான். யாருக்கய்யா பாடம் எடுக்கிறாய், உன் முதலாளி இந்தக் கருவேலங்காட்டை வெட்டி வேலி போடும் முன்னாலிருந்தே பழைய வண்டி வாங்கி விற்கிறவன் நான் என்று கத்தினேன். அவன் நோட்டை என் பக்கம் நகர்த்தினான், கையெழுத்துப் போடப் போனால் பேனா எழுதவில்லை, அதற்கும் ஒரு கத்தல். கத்திக்கொண்டிருந்தால் எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இது கோகிலா போன வண்டி. என் மகள், ஒரே மகள். பதினோரு மாதத்துக்கு முன்னால் விடிகிற நேரத்தில் பைபாஸில் லைட் இல்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய்ச் சொருகியது. ஓட்டியவன் பூபதி, என் மாப்பிள்ளை, அவனுக்கு வலது கையில் ஒரு எலும்பு முறிந்தது, அவ்வளவுதான், அவள் இடது முன்சீட்டில் இருந்தாள். இனி ஓட்டத்துக்கு ஆகாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் எழுதிவிட்டார்கள், போலீஸ் விடுவித்துவிட்டது, இப்போது தகர விலைக்கு ஏலத்தில் நிற்கிறது. அவள் பெல்ட் போட்டிருந்தாளா இல்லையா. அதைப் பார்க்கத்தான் வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்காருகிறார்கள், என் பேத்தி மிதுளா, நாலு வயசு, இப்போது அவனிடம் இருக்கிறாள், இனி யாரிடம் வளர்வது என்று பேசி முடிக்க. பெண்டாட்டிக்குப் பெல்ட் போடத் தெரியாதவனிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று நான் கேட்பேன், சாட்சி என்ன என்று அவர்கள் கேட்பார்கள். சாட்சி இதோ நிற்கிறது. ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றி, திருப்பூரில் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கி, பாருங்கடா எல்லாரும் என்று சொல்லத்தான் போகிறேன்.

பானெட்டைத் தூக்க வேண்டிய வேலையே இல்லை, அதுவே ஓட்டுக்கூரை மாதிரி மடங்கி நிற்கிறது, உள்ளே ரேடியேட்டர் இன்ஜினோடு ஒட்டிக் கிடக்கிறது, ஒட்டின இடத்தில் குளவி மண்ணால் வீடு கட்டியிருக்கிறது. எவன் செத்தால் அதற்கென்ன. முன்னால் ஓடுகிற இரண்டு நீளச் சட்டங்களில் இடதுபக்கத்துச் சட்டம் முறுக்கிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறது, வலதுபக்கத்துச் சட்டத்துக்குப் பெரிய சேதமில்லை, அப்படியென்றால் கடைசி நொடியில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்திருக்கிறான். தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள. எவனும் அப்படித்தான் ஒடிப்பான், கை யோசித்துச் செய்வதில்லை, எதிரே என்ன வந்தாலும் காலியாக இருக்கிற பக்கம்தான் கை போகும். இல்லை, தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒடித்தான். பேப்பர் பொய் சொல்லும், மனுஷன் பொய் சொல்லுவான், தகரம் பொய் சொல்லாது, இது நான் அடிபட்டுக் கற்றது. முதன்முதலில் வாங்கின வண்டி வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டி, வாங்கும்போது சீட்டுக்கடியில் ஊதுவத்தி மணம், விற்றவன் பக்தியான ஆள் என்று நினைத்துவிட்டேன், மூணாம் நாள் தரைவிரிப்பைத் தூக்கினால் கீழே ஆற்றுமணல். அன்றைக்கு அழுதேன். அதற்கப்புறம் எந்த வண்டியையும் நம்பினதில்லை, விரல் முட்டியால் தட்டினால் எந்தக் கதவு அடிபட்டுப் பட்டி பூசின கதவு என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன், குத்தம் சொல்லாமல் ஒரு பொருளைத் தொட்டதே கிடையாது. பத்து பேர் நடுவில் உரக்கச் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றவன் கை தளரும், விற்கிறவன் முகம் சுருங்கும். இதே பூபதியை மாப்பிள்ளை பார்க்கப் போனபோதுகூட அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பையன் கொஞ்சம் மந்தம், பிக்கப் பத்தாது, ஆனால் மைலேஜ் குடுப்பான் என்று சொல்லிவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், கோகிலா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஏனுங்ப்பா, ஒரு மனுஷனைப் போயி அப்படிச் சொல்லுவாங்களா, என்றாள். இந்த வண்டியும் நான் பார்த்துக் கொடுத்ததுதான், கல்யாணத்துக்கு. ஒரு டாக்டர் வைத்திருந்தது, ஒரே கை ஓட்டினது, தட்டித் தட்டிப் பார்த்தேன், பின்பக்க ஷாக் அப்சர்பர் கொஞ்சம் சொங்கி, பாரம் தாங்காது, டிரைவருக்கு மட்டும்தான் ஏர்பேக், அது தவிர ஒரு குத்தம் கிடையாது. ஒரு குத்தமும் கிடையாது.

வழக்கமாக முன்பக்கம் முடிந்தால் இடப்பக்கம் போவேன். கால் வலப்பக்கம் திரும்பிவிட்டது. சரி, வலப்பக்கமே போவோம், நேரம் இருக்கிறது, இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை. டிரைவர் கதவு நன்றாகத் திறக்கிறது, ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக் வெளியே தொங்குகிறது, கறந்து முடித்த மடி மாதிரி, வெயிலில் மஞ்சளாகிவிட்டது. டிரைவர் பெல்ட் முழுக்க வெளியே வந்து திரும்ப உள்ளே போகாமல் தொங்குகிறது, அவன் போட்டிருந்தான், அது எனக்குத் தெரியும், அவன் போடுவான், அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவன், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. அப்படிப்பட்டவன் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்க்கவில்லையா. அன்றைக்குச் சாவு வீட்டில் அதைத்தான் கேட்டேன். போனில் யாரோ அனுப்பின போட்டோ, வண்டியை வெளியிலிருந்து எடுத்தது, முன்கண்ணாடியின் இடது பாதியில் நட்சத்திரமாக வெடிப்பு, நட்சத்திரத்தின் நடுவில் ஒரு குழி. முப்பது வருஷத்தில் எத்தனை நட்சத்திரம் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு தலை. பெல்ட் போட்டவன் தலை கண்ணாடிக்குப் போகாது, போடாதவன் தலைதான் போகும், எங்கள் தொழிலில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கட்டுப்போட்ட கையோடு அவன் கட்டில் ஓரமாக நின்றான். போட்டிருந்தாளுங்க மாமா, என்றான். கண்ணாடி சொல்லுதுடா, கண்ணாடி பொய் சொல்லுமா, என்று அறைந்தேன், கட்டுப்போட்ட பக்கமாகவே அறைந்தேன், அத்தனை சனம் பார்த்தது, அவன் அம்மா ஓடிவந்து நடுவில் விழுந்தாள். அவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தான். அப்புறம் என் பின்னால் பார்த்தான், பின்னால் என் பெண்டாட்டி ருக்மணி தூணோடு சாய்ந்து நின்றிருந்தாள், அவளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பொய் சொல்ல வந்தவன் மாட்டிக்கொண்டான் என்றுதான் நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“என்ன நாச்சிண்ணா, பொணத்தைப் போயி பொண்ணு பாக்கற மாதிரி சுத்திச்சுத்தி வரீங்க?” ஜாபர் பாய். சேலத்துக்காரர், இருபது வருஷமாக ஏலத்துக்கு ஏலம் எனக்கு எதிராளி, ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்துக்கொண்டே ஒருவர் காலை ஒருவர் வாருகிறவர்கள் நாங்கள். கோகிலா காரியத்துக்கும் வந்துபோனார், ஆனால் இடிபட்ட பிறகு வண்டியை அவர் பார்த்ததில்லை. “இது பேரீச்சம்பழத்துக்குப் போடற வண்டிங்ண்ணா. அங்க வாங்க, வேப்பமரத்தடியில ஒரு சிவப்பு வண்டி நிக்குது, பேட்டரி மட்டும்தான் அவுட்டு.”

“உம்பட சிவப்பு வண்டியை நீயே கட்டிக்கோ பாய். கியர்பாக்ஸ் பல்லு போன கிழவி அது.”

“ஆகா, பாக்காமயே சொல்றாரு பாரு. அப்ப அதுமேல கண்ணு வெச்சிருக்கீங்க.” சிரித்துக்கொண்டே போனார். எனக்கும் பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றுபோய் வாய் மட்டும் அகலமாகத் திறந்திருந்தது, அப்படியே டிக்கியைத் திறந்தேன். பூட்டு உடைந்திருக்கிறது, கை வைத்ததும் மேலே போகிறது. உள்ளே சுத்தம். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, ஒரு பழைய பனியன் துணி, அவ்வளவுதான். பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை, டாக்டர் வீட்டில் எப்படி நின்றதோ அப்படியே நிற்கிறது, தட்டினேன், இங்கே கணீரென்றுதான் இருக்கிறது. ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எடுத்திருப்பார்கள். எதை எடுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது டிக்கியில் என்ன இருந்தது. ஒன்றுமில்லை, துணிப்பை ஒன்று, மிதுளாவின் சைக்கிள் வேண்டாம் இங்கேயே இருக்கட்டும் என்று இறக்கிவிட்டோம், அவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் அம்மாயிகிட்ட இருக்கட்டும் என்று ருக்மணி நிறுத்திக்கொண்டாள், கோகிலா குனிந்து பிள்ளையின் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், சுடுதுங்மா, ராத்திரி ஒருக்கா மருந்து குடுத்துருங்க என்றாள், அதுதான் அவள் எங்கள் வீட்டில் சொன்ன கடைசிப் பேச்சு. இல்லை, அதற்கப்புறமும் ஒன்று சொன்னாள். காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அது எதற்கு இப்போது. டிக்கியை மூடினேன், மூடவில்லை, மறுபடி அடித்து மூடினேன், அந்தச் சத்தத்துக்கு நாலைந்து தலைகள் திரும்பின.

வலப்பக்கப் பின்கதவைத் திறந்ததும் ஒரு நெடி. புழுங்கின, புளித்த, கோணி நெடி. எலி செத்த நாற்றம் எனக்குத் தெரியும், தண்ணீர் புகுந்த பஞ்சு நாற்றம் தெரியும், இது அதெல்லாம் இல்லை. பின்சீட்டின் மடிப்பில் வெள்ளையாக என்னவோ. கண்ணாடித்தூள் என்று விரலால் தொட்டேன், கண்ணாடி இல்லை. அரிசி. சீட்டின் இடுக்கு முழுக்க அரிசி, தரையில் கறுத்துப்போன அரிசி, மழைத்தண்ணீரில் ஊறிக் கட்டிக்கட்டியாகி அதில் வண்டு ஊர்கிறது, முன்சீட்டுக்கு அடியில் நீலக்கலரில் ஒரு சிப்பப் பையின் கிழிசல். பொன்னி அரிசி. இரண்டு சிப்பம், சிப்பம் இருபத்தைந்து கிலோ, எங்கள் சொந்த வயல் நெல்லை அரைத்தது, நான்தான் கொடுத்தேன். டிக்கியில்தான் வைத்தான் பூபதி. இரண்டையும் தோளில் தூக்கிவந்து டிக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடியும் விட்டான், நான் பல் விளக்கிக்கொண்டே பார்த்தேன், வண்டியின் பின்பக்கம் அமுங்கினது. ஒரு வேலையைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்குமா. ஏனுங்க மாப்ள, அறிவிருக்குதா, அந்த வண்டிக்குப் பின்னாடி ஷாக் சொங்கின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், டிக்கியில அம்பது கிலோவை ஏத்துனா பள்ளத்துக்குப் பள்ளம் டயரு மேல இடிக்கும், பாரம் எப்பவும் வண்டிக்கு நடுவுல இருக்கோணும், பிள்ளைதான் வரலையே, பின்சீட்டு சும்மாத்தானே கெடக்குது. அவன், பரவால்லீங் மாமா, பாத்துப் போயிக்கறேன், டிக்கியிலயே இருக்கட்டும், என்றான். எதிர்த்துப் பேசிவிட்டானல்லவா. வாயில் நுரையோடு போய் நானே டிக்கியைத் திறந்து நானே தூக்கிக்கொண்டுவந்து பின்சீட்டில் நிமிர்த்தி வைத்தேன். எந்தப் பக்கம். டிரைவர் பக்கம் வைத்தால் கண்ணாடியில் பின்னால் வருவது மறைக்கும் என்று இடப்பக்கம் வைத்தேன். அவளுக்குப் பின்னால். அப்போதுதான் அவள் சொன்னாள், எங்கப்பனுக்கு வண்டியோட இடுப்பு வலிக்கறது மட்டும்தான் தெரியும், என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அரிசி சிதறும். எந்த வண்டி இடித்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் சிதறும். பை கிழியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீ பெல்ட்டைப் பார்க்க வந்தாய், பெல்ட்டைப் பார், போ. இடப்பக்கம் போனேன். கதவு உள்வாங்கிச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒருமுறை திறந்து மறுபடி அமுக்கி வைத்திருக்கிறார்கள், இழுத்தேன், காலை வைத்து உதைத்து இழுத்தேன், திறந்து தொலைடா என்று ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஜாபர் பாய் ஒரு கடப்பாரையோடு வந்துவிட்டார். “தகரத்துக்கிட்டயும் சண்டையாங்ண்ணா? தள்ளுங்க. நீங்க மேல இழுங்க, நான் கீழ நெம்பறேன். ஒண்ணு, ரெண்டு…” கதவு கிறீச்சென்று ஒரு முழம் விலகியது. அவர் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தபோது முன்னால் நசுங்கிக் கிடக்கிற நம்பர் பிளேட்டில் கண் பட்டது, பட்ட கண் அங்கேயே நின்றது, அப்புறம் கதவில் ஒட்டியிருந்த பூப்படத்தைப் பார்த்தார், மிதுளா ஒட்டினது, அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அண்ணா. இது நம்ம பாப்பா…”

“ம்.”

கடப்பாரையைச் சத்தம் வராமல் தரையில் படுக்கவைத்தார். “எனக்குத் தெரியாதுங்ண்ணா. வாய் கெட்ட நாயி நானு, என்னென்னமோ பேசிட்டேன்.” பூப்படத்தின்மேல் படிந்த தூசியை விரலால் துடைத்தார். “எடுத்துக்கோங்க. இந்த நம்பருக்கு இன்னிக்கு ஒருத்தனும் சீட்டு எழுத மாட்டான், நான் பாத்துக்கறேன்.” போய்விட்டார். அப்பால் போய் ஒவ்வொருவரிடமாக ஏதோ சொல்வதும், அவர்கள் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்புவதும் தெரிந்தது. முப்பது வருஷத்தில் போட்டி இல்லாத வண்டி எனக்குக் கிடைத்ததே இல்லை.

உள்ளே தலையை விட்டேன். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலிருக்கிற தூணில் பெல்ட் இருக்க வேண்டும், போடாத பெல்ட் என்றால் சுருண்டு உள்ளே போய்த் தூணோடு ஒட்டி ஒழுங்காக நின்றிருக்கும், அதைத்தான் காட்டப் போகிறேன், புதுசு மாதிரி இருக்கிற பெல்ட்டை இழுத்துக் காட்டி, பாருங்க ஒரு தேய்மானம் இருக்குதா என்று கேட்கப் போகிறேன். தூணில் பெல்ட் தொங்குகிறது. சாண் நீளத்தில் முடிகிறது. முனை பிய்ந்துபோகவில்லை, வெட்டியிருக்கிறது, கத்தியால், கோணலாக, ஒரே இழுப்பில். வண்டியிலிருந்து ஆளை எடுக்க வருகிறவர்கள் எதற்குப் பெல்ட்டை வெட்டுவார்கள். மீதி எங்கே. கையை விட்டுச் சீட்டின் ஓரத்தில் துழாவினேன், கண்ணாடித்தூள், அரிசி, சிவப்புப் பொத்தான் வைத்த பூட்டு, பூட்டுக்குள் பெல்ட்டின் இரும்பு நாக்கு. சொருகியபடி. அதிலிருந்து இரண்டு பக்கமும் வெட்டின பட்டை நீண்டு கிடக்கிறது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மாட்டினது மாட்டினபடி இருக்கிறது. அன்றைக்கு விடியக்காலை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவள் கை மாட்டினது, அதற்கப்புறம் அதை யாரும் கழற்றவில்லை, பதினோரு மாதமாக, மழையில், வெயிலில், நான் ஊர் ஊராக அவளுக்குப் பெல்ட் போடவில்லை போடவில்லை என்று கத்திக்கொண்டு திரிந்த அத்தனை நாளும், இங்கே பூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பொத்தானை அமுக்கினேன். முதலில் அமுங்கவில்லை, துரு, கட்டைவிரலைக் கொடுத்து அழுத்தினேன், டக்கென்று கையில் வந்துவிட்டது. கழற்றியிருக்கக் கூடாது. என்னத்துக்குக் கழற்றினேன். திரும்ப மாட்டப் பார்த்தேன், மாட்டிக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் நட்சத்திரம். பெல்ட் போட்டவள் தலை கண்ணாடிக்கு எப்படிப் போகும். போகாது. பின்னாலிருந்து எதுவாவது தள்ளினால் தவிர. எனக்குத் தெரியாதா. சீட்டைப் பார்க்காதே. பார்த்துவிட்டேன். சீட் தண்டவாளத்தில் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளியிருக்கிறது, அவள் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள், வீட்டில் சோபாவிலும் அப்படித்தான், கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் காரில் சம்மணம், அதற்கு இடம் வேண்டுமென்று கடைசி வரைக்கும் தள்ளிக்கொள்வாள். சீட்டின் அடி அங்கே இருக்கிறது, முதுகு அங்கே இல்லை. முதுகு முன்னால் குனிந்திருக்கிறது, நடுவில் வயிறு தள்ளினமாதிரி வீங்கி, உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி பின்னாலிருந்து முன்னால் வளைந்திருக்கிறது. லாரி முன்னால்தான் இருந்தது. முன்னாலிருந்து வந்த அடி பின்னாலிருந்து முன்னால் வளைக்காது. அந்த வீக்கம் எவ்வளவு அகலம் என்று என் கை அளந்தது, நான் சொல்லாமலேயே அளந்தது, ஒரு முழம், ஒரு சிப்பத்தின் அகலம். ஐம்பது கிலோ, எழுபது எண்பதில் போகிற வண்டி டக்கென்று நின்றால், ஐம்பது கிலோ ஐம்பது கிலோவாகவா வரும். வேறு எவன் வண்டியாக இருந்தாலும் இதைப் பார்த்த அரை நிமிஷத்தில் உரக்கச் சொல்லியிருப்பேன், பின்சீட்டுல பாரத்தை வெச்ச முட்டாப்பய எவன்டா, என்று பத்து பேர் கேட்கச் சொல்லியிருப்பேன். டிக்கியில் இருந்திருந்தால் டிக்கியிலேயே இருந்திருக்கும். டயர் இடித்திருக்கும். டயர் இடித்தால் என்ன, நாலு இடத்தில் டொக்கு டொக்கென்று இடிக்கும், வீடு போய்ச் சேர்ந்திருப்பாள், போன் பண்ணி, உங்க பேச்சைக் கேக்காம வந்தோமுங்ப்பா, டயர் இடிச்சுதுங் என்று சொல்லிச் சிரித்திருப்பாள். எனக்கு வண்டியின் இடுப்பு மட்டும்தான் தெரிந்தது.

கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தகரம் சுட்டது, சுடட்டும். சாவு வீட்டில் அவன் வாயைத் திறந்தது ஞாபகம் வந்தது. பெல்ட் போட்டிருந்தாள் என்று சொன்னான். கண்ணாடி என்று நான் சொன்னதும் வாயைத் திறந்தான். கண்ணாடியில் தலை எப்படிப் போனதென்று அவனுக்குத் தெரியும், அவன் பக்கத்தில்தான் இருந்தான், ஆட்கள் வந்து எடுக்கும் வரைக்கும் அவள் முதுகில் எது சாய்ந்திருந்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஒரு கையால் அதைத் தள்ளிப் பார்த்திருப்பான். மூட்டையை மாத்தி வெச்சது நீங்கதானுங்களே என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நான் தரைமட்டம். அறை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். ஏன். ஏன்டா. எனக்குக் கோபம் வந்தது, பழைய கோபமே, சொல்லாமல் இருந்ததற்கு அவன்மேல் கோபம், அது வந்த வேகத்தில் போன் கைக்கு வந்துவிட்டது. பதினோரு மாதமாக அந்தப் பெயரைத் தொட்டதில்லை. இரண்டாவது மணியில் எடுத்தான். பின்னால் மிஷின்கள் ஓடுகிற சத்தம்.

“சொல்லுங்க மாமா.”

ஏதோ நேற்றுத்தான் பேசினோம் என்கிற மாதிரி. விலை சொல்லத் தெரியாதவன் மாதிரி நின்றேன்.

“மாமா? மிதுளாவுக்கு ஒண்ணுமில்லீங், பள்ளிக்கூடம் போயிருக்கறா.”

“நான் வண்டிகிட்ட நிக்கறேனுங்க மாப்ள.”

மிஷின் சத்தம் குறைந்தது, எங்கோ வெளியே வந்துவிட்டான். “எந்த வண்டிங்?” என்றான், தெரிந்துகொண்டே.

“பெல்ட்டு போட்டிருக்குது.”

“ஆமாங்க மாமா.”

“பின்சீட்டுல…”

“அது வேண்டாமுங் மாமா. அதைப் பேச வேண்டாம்.”

“உனக்குத் தெரியும்.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“தெரிஞ்சுதான் இருந்தயா? அத்தனை பேருக்கு முன்னால கைய நீட்டுனனே, ஊரெல்லாம் உன்னைக் கொலைகாரன்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே, ஏன்டா சொல்லல? வாய் இல்லையா உனக்கு?” கத்துகிறேன். மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டவன் கத்துகிறேன். வேப்பமரத்தடியில் நின்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

“சொல்லத்தான் வந்தேனுங். அத்தை பின்னாடி நின்னாங்க. அது தெரிஞ்சா அத்தை உங்களோட இருக்க மாட்டாங்க மாமா. கோகியும் போயி, நானும் உங்களுக்கு இல்லாமப் போயி, அப்பறம் நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில… எனக்கென்னங், நாலு நாளைக்குத் திட்டுவீங்கன்னு நெனச்சேன்.”

நாலு நாள். பதினோரு மாதம் ஆகிவிட்டது.

“ஞாயித்துக்கிழமை பெரியவங்களோட வர்றீங்கன்னு அம்மா சொன்னாங்க. வாங்க மாமா. நான் எதுத்துப் பேசலீங். அத்தைகிட்ட இருந்தா புள்ளை நல்லாத்தான் இருப்பா. அந்த வண்டியை மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்க. அத்தை பாக்க வேண்டாம்.”

கேட்டதைக் கொடுக்கிறான். ஒரு வார்த்தை இழுபறி இல்லாமல், நான் எதைப் பறிக்க வந்தேனோ அதைக் கையில் வைக்கிறான், வாழ்க்கையில் எனக்கு அப்படி யாரும் எதையும் கொடுத்ததில்லை, எப்படி வாங்குவதென்று தெரியவில்லை. வேண்டாமுங்க, புள்ளை உங்ககிட்டவே இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை யாரும் வரமாட்டாங்க என்று சொன்னேன். சொன்னேனா, சொன்னதாக நினைத்தேனா, சரிங் மாமா என்று அவன் சொன்னது கேட்டது, அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

“அஞ்சு நிமிஷம்!” என்று சகாயம் மேசையிலிருந்து கத்தினான். ஏலச்சீட்டு சட்டைப்பையில் வேர்வையில் நனைந்து கிடந்தது, எழுபத்து மூணு என்று எழுதி, தொகை எழுதாமல். அப்படியே கசக்கினேன். மற்றவர்கள் எழுதட்டும், கதவுக்கும் இன்ஜினுக்கும் ஆள் வருவான், வளைந்த முன்சீட்டைக் காயலான்காரன் எடுப்பான். எழுதுங்கய்யா என்று ஜாபர் பாயைப் பார்த்துக் கையை ஆட்டினேன், அவருக்குப் புரியவில்லை.

ருக்மணி. வீட்டில் இருப்பாள், அடுப்படியில், இல்லாவிட்டால் மிதுளாவின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு. சொல்லாமல் இருக்கலாம். பூபதியே சொல்ல வேண்டாம் என்கிறான், பதினோரு மாதம் அவன் சுமந்தான், மீதியை நான் சுமந்தால் போதும், பெல்ட்டு தெரியல ருக்கு, மழையில எல்லாம் போயிருச்சு என்று சொன்னால் நம்பிவிடுவாள், நான் சொன்னால் ஆற்றுமணலைச் சர்க்கரை என்று வாங்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவள் பூபதியை நினைத்துச் சாபம் விடுகிறாள், தினமும், விளக்கு வைக்கும்போது, எனக்குக் கேட்கிறது, அவன் நல்லாவே இருக்க மாட்டான் என்று முணுமுணுக்கிறாள், அதை அவள் வாயில் போட்டது நான். இன்றைக்கும் விளக்கு வைப்பாள். வீட்டுக்குப் போய் நேரில் சொல்வோம் என்றால், போகிற வழியில் நாற்பது கிலோமீட்டர், நாற்பது கிலோமீட்டரில் நான் நாற்பது கதை தயார் பண்ணிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இங்கேயே, இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே போன் போட்டேன்.

எடுத்தாள். “போட்டிருக்கலதானே?” என்றாள், ஹலோ கூடச் சொல்லவில்லை. “நாம சொன்னது சரிதானே? ஏனுங், லைன்ல இருக்கீங்களா?”

“ருக்கு, கையில என்ன?”

“புளி ஊறப் போட்டிருக்கேன். ஏனுங், என்னாச்சு?”

“கையைத் துடைச்சுட்டு மொதல்ல உக்காரு.”

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அவள் மூச்சுக் கேட்டது.

“உக்காந்துட்டேன். சொல்லுங்.”

அரிசி மூட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.